ஆட்டுப் புண்ணில் புழுவா? நிலத்தில் தட்டிவிடாதீர்கள்

மாரி காலத்தில் எங்கள் யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் இலையான் (ஈ) மொய்க்கும்போது ஆடு மாடுகளைத் தினமும் தடவிப் பாருங்கள். ஒருவகை இலையானின் புழு அழுகிய சதையை விட்டு உயிருள்ள சதையையே தின்னும். கம்பிவேலி கிழித்த கீறலோ உண்ணிக்கடியோ போதும், அந்த இலையான் அதில் 100க்கு மேல் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். எங்கள் கண்ணுக்கு அதிகம் தப்பிப்போவது குட்டியின் தொப்புள்தான். பிறந்த உடனே அயடீன் பூசுங்கள், பாவம், அதற்குச் சொல்லத் தெரியாது.

புழு கண்டால் சாமணத்தால் எடுத்துக் கொதிநீரில் போடுங்கள். மண்ணில் விழுந்தால் அங்கேயே கூட்டுப்புழுவாகி மறுபடி இலையானாக வரும். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், புண் வெந்துபோகும். துர்நாற்றமும் இரத்தக்கசிவும் இருந்தால் உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.