சேர்வராயன் மலையின் வான்வழிப் படங்கள்: மெருகேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் சேலத்தைப் பார்த்த சரிவின் விளிம்பிலிருந்து, விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ட்ரோனை உயர்த்தி எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் சில்வர் ஓக் மரங்களின் தலைகள், அவற்றுக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும் சரிவு, அதற்கப்பால் வெளிறிய நீலத்தில் சேலம் நகரம், எல்லாவற்றுக்கும் பின்னால் மெல்லிய கோடாகக் கஞ்சமலை. இந்தப் படத்தை மெருகேற்ற உட்காருகிறவர்களில் பலர் முதல் வேலையாக அந்த வெளிறிய நீலத்தைத் துடைத்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். படம் பளிச்சென்று ஆனது. ஆனால் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கவேண்டிய மலை, சரிவின் மேல் ஒட்டிவைத்த அட்டையைப் போல வந்து நின்றது.

காரணம் எளிது. காற்று நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. ஆகவே ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது நீலம் பாரித்து, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து தெரிகிறது. வெகுதொலைவில் இருப்பவற்றின் தூரத்தை அளப்பதற்கு நம் கண் இதைப் பெரிதும் நம்பியிருக்கிறது. வான்வழிப் படத்தில் அளவு காட்டும் மனிதரோ மாட்டுவண்டியோ பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், இந்த நீலப் படலம் ஒன்றுதான் ஆழத்துக்குச் சாட்சி. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், மங்கலைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடரைப் படம் முழுவதற்கும் ஐம்பது அறுபது வரை தள்ளும்போது அந்தச் சாட்சியை அழிக்கிறோம். போதாக்குறைக்கு வானம் கறுக்கிறது, மூலைகள் இருள்கின்றன, நிழல்களில் மறைந்திருந்த நாய்ஸ், அதாவது தேவையற்ற புள்ளிகள், மணல் தூவியதுபோல வெளியே வருகிறது. நான் இப்போது படம் முழுவதற்கும் பத்துக்கு மேல் போவதில்லை. மிச்சமுள்ள அழுத்தத்தை மாஸ்க் போட்டு (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து) முன்புறச் சரிவுக்கு மட்டும் கொடுத்து, தொலைவை அதன் போக்கில் விட்டுவிடுகிறேன்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மங்கலாக இருப்பதெல்லாம் ஒரே பொருள் அல்ல. மழைக்குப் பிந்தைய தெளிந்த காற்றில் தெரிவது நீலம். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டு ஏரியின் மேல் தவழ்வது நீர்த்துளிகளாலான மூடுபனி. துளிகள் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஒன்றுபோலச் சிதறடித்து வெண்மையாகத் தெரிகிறது. கோடையில் நகரத்தின் மேல் நிற்பது தூசும் புகையும் கலந்த பழுப்பு. மூன்றாவதைக் கொஞ்சம் குறைக்கலாம். மஞ்சளின் அடர்த்தியைச் சற்று இறக்கினாலே பெரும்பாலும் போதும். இரண்டாவதில் டீஹேஸைத் தொடவே கூடாது, ஏனென்றால் பனி அழுக்குத் துணியின் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். முதலாவதுதான் படத்தின் உயிர்.

அடுத்தது பச்சை. காபித் தோட்டத்தின் மேலிருந்து பார்த்தால் காபிச் செடி அதிகம் தெரியாது. நிழலுக்காக நட்ட சில்வர் ஓக்கின் மேல்விரிப்புதான் தெரியும். அதன் இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியது போலிருக்கும். காற்று அடிக்கும்போது தோட்டம் முழுவதும் ஒரு சாம்பல் அலை ஓடுவதை ட்ரோன் திரையில் பார்க்கலாம். இடைவெளிகளில் காபி இலையின் பளபளக்கும் கரும்பச்சை, ஓரத்தில் மூங்கிலின் மஞ்சள் கலந்த பச்சை. சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றியதும் இந்த மூன்று பச்சைகளும் ஒரே பிளாஸ்டிக் பச்சையாகிவிடுகின்றன. அடர்த்தியைக் கூட்டுவதற்குப் பதிலாக, பச்சையையும் மஞ்சளையும் தனித்தனியே பிரித்து, அவற்றின் வெளிச்ச அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். மஞ்சளைக் கொஞ்சம் இருட்டினால் மூங்கில் அடங்கும். பச்சையைக் கொஞ்சம் ஏற்றினால் ஓக்கின் சாம்பல் அலை எழும்பி வரும்.

இதே காரணத்தால்தான் இணையத்தில் கிடைக்கும் பிரிசெட்டுகளை (ஆயத்தத் திருத்த அமைப்புகளை) அப்படியே போடவேண்டாம் என்கிறேன். நிழலை நீலப்பச்சைக்கும் வெளிச்சத்தை ஆரஞ்சுக்கும் தள்ளும் பிரிசெட் நம் செம்மண்ணை ஆரஞ்சு மிட்டாயாக்குகிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியின் பாசி கலந்த நீரைக் கடல் நீராக்குகிறது. மண்திட்டுகளும் மரங்களுமாக இருக்கும் அந்த ஏரியைச் சேலத்துக்காரர் யாரும் ஒரு நொடியில் அடையாளம் காண்பார். நிறம் மாறினால் அதே வேகத்தில் விலகியும் போவார்.

வெள்ளையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். வெள்ளக்கல்பட்டிப் பக்கத்து மாக்னசைட் எனும் வெள்ளைக் கனிமக் குவியல்களும், மரவள்ளி மாவு காயும் ஜவ்வரிசி ஆலைகளின் களங்களும் சேலத்தின் வான்வழிப் படங்களுக்கே உரிய காட்சிகள். உச்சி வெயிலில் இவை கேமராவைக் குருடாக்கிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றிலும் எல்லை தாண்டி எரிந்துபோன இடத்தை ஹைலைட் ஸ்லைடர் மீட்டுத் தராது; வெள்ளைத் திட்டைச் சாம்பல் திட்டாக மாற்றித் தரும், அவ்வளவுதான். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் 12 பிட் ரா கோப்பில் 4096 படிகள். எடுக்கும்போதே ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளின் வரைபடத்தை) பார்த்துச் சற்று இருட்டாக எடுத்து, ரா கோப்பில் நிழலைத் தூக்குவதே பாதுகாப்பானது.

இதுவரை சொன்னவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவதும், அதிகம் பேசப்படாததுமான தவறு ஒன்று இருக்கிறது. நேர் கீழே பார்த்து எடுத்த படத்துக்கு மேல் எது, கீழ் எது என்று கிடையாது என நினைத்து, அமைப்பு அழகாக வருகிறதே என்று இஷ்டம்போலச் சுழற்றிவிடுவதுதான் அது. சுரங்கக் குழி ஒன்றை நேர் மேலிருந்து எடுத்த படத்தை நான் தலைகீழாகத் திருப்பி அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அக்கா வந்தவர் சிறிது நேரம் அதையே பார்த்துவிட்டு, “இந்த வெள்ளைக் கரடு எந்தப் பக்கம் இருக்குது தம்பி?” என்று கேட்டார். “கரடு இல்லக்கா, குழி” என்றேன். அவருக்கு அது சிறு குன்றாகத்தான் தெரிந்தது, குழியாகத் தெரியவே இல்லை. படத்தைக் கழற்றி மறுபடி திருப்பிப் பிடித்ததும், “அட, ஆமாம், படிப்படியா இறங்குது” என்றார்.

வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. நிழல் படத்தின் கீழ்ப்பக்கம் நோக்கி விழுந்தால் மேடு மேடாகத் தெரியும். மேல்பக்கம் நோக்கி விழுந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிடும். செயற்கைக்கோள் படங்களைப் படிப்பவர்களுக்கு இது பழகிய சிக்கல். நம் ஊரில் இது இன்னும் கூர்மையாக வரும்: ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை தவிர, ஆண்டின் மற்ற நாட்களிலெல்லாம் நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே இருக்கிறது, நிழல் வடக்கே விழுகிறது. எனவே வரைபடத்தைப் போல வடக்கை மேலே வைத்தால், மலை மடிப்புகள் பெரும்பாலான மாதங்களில் உள்வெளியாகத் தெரியும். நேர்கீழ்ப் படத்தைத் திறந்ததும் ஒரு மரத்தைப் பெரிதாக்கி, அதன் நிழல் எந்தத் திசையில் நீள்கிறது என்று பாருங்கள். அந்தத் திசை கீழே வருமாறு திருப்பிய பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

வானத்தை மாற்றுவதிலும் நிழல்தான் காட்டிக்கொடுக்கிறது. தரையிலிருந்து எடுத்த படத்தில் தெரியாத ஒன்று வான்வழிப் படத்தில் தெரியும்: மேகங்களின் நிழல் சரிவின் மேல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். மேகமே இல்லாத வானத்தை ஒட்டிவிட்டுக் கீழே அந்தத் திட்டுகளை அப்படியே விட்டால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் உறுத்தும். ஏரி இருந்தால் அதில் விழும் பிம்பமும் பழைய வானத்தையே சொல்லும். வானம் வெறுமையாக இருந்தால் அதை வெட்டிக் குறைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

விவரங்களை எடுப்பாகக் காட்டும் க்ளாரிட்டி ஸ்லைடரை ஏற்றினால் மலை முகட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். முகட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக் குறையுங்கள். தொடுவானம் சாய்ந்திருக்கிறதா என்பதை மலைச்சரிவை வைத்து முடிவு செய்யாமல், படத்தின் நடுப்பகுதியில் நிற்கும் செல்பேசிக் கோபுரம் ஒன்றை வைத்துச் சரிபாருங்கள். இலைகளைக் கூர்மையாக்குவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத இலைகளை வரைந்துவிடுகின்றன. சில்வர் ஓக் எந்த மரம் என்றே தெரியாமல் போகும்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்ற விரும்புவோர் நீலத்தை வெளிச்சமாக்கினால் தொலைவின் மங்கல் கூடி மலைகள் அடுக்கடுக்காக விலகும். சிவப்பை வெளிச்சமாக்கி நீலத்தை இருட்டினால் மங்கல் வடிந்து வானம் கறுக்கும். பனிக்காலப் படங்களுக்கு நான் முதல் வழியையே எடுக்கிறேன்.

அச்சுக்குப் போகும்போது, 20 மெகாபிக்சல் ட்ரோனின் 5472 × 3648 புள்ளிகள் அங்குலத்துக்கு 300 வீதம் ஏறக்குறைய 18 × 12 அங்குலத்துக்குச் சரியாக வரும். பாதியை வெட்டியெறிந்த படத்தை அதே அளவுக்குக் கேட்டால் இலைகள் குழையும். திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துத் திருத்திய படம் அச்சில் இருட்டாகவே வரும். ஆகவே பெரிய அச்சுக்குக் கொடுக்குமுன், முன்புறச் சரிவும் தொலைவு மலையும் ஒருசேர வரும் ஒரு பட்டையை மட்டும் சிறிதாக அச்சிட்டு, சன்னலோர வெளிச்சத்தில் கைநீட்டும் தூரத்தில் பிடித்து, கஞ்சமலை இன்னும் நீலமாக, தள்ளியே நிற்கிறதா என்று பாருங்கள்.