பழைய காம்பாக்ட், புதிய மிரர்லெஸ்: குமரி மாவட்டத்தில் நீங்களே செய்து பார்க்கும் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் பல வீட்டு அலமாரிகளில் காம்பாக்ட் என்கிற சின்ன கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். கல்ஃபிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்தது. படம்பிடிக்கப் புதிதாகக் கற்பவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதற்கும், கல்யாண வீட்டில் போட்டோகிராபர் வைத்திருக்கிறாரே, அந்த இரண்டு லட்ச ரூபாய் கேமராவுக்கும் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசமா?”

வித்தியாசம் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. நல்ல வெயிலில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் ஆள் அசையத் தொடங்கினால் பூதாகரமாகிவிடும். எங்கே மறைகிறது, எங்கே பெரிதாகிறது என்பதை யூடியூபில் பார்ப்பதைவிட, நம் ஊரிலேயே இரண்டு நாள் சுற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது. மிரர்லெஸ் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை கேமரா) உங்களிடம் இல்லை என்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம், நண்பரிடம் கேட்கலாம்.

உதாரணத்துக்கு இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்கிறேன். பழையது, 2010-இல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்95. 10 மெகாபிக்சல், சட்டைப் பையில் அடங்கும், எடை 200 கிராமுக்கும் குறைவு. புதியது, 2022-இல் வந்த கேனான் ஆர்6 மார்க் 2. 24 மெகாபிக்சல், 24-105 மி.மீ. எஃப் 4 ஜூம் லென்ஸோடு சேர்த்தால் ஏறத்தாழ ஒன்றே கால் கிலோவைத் தாண்டும். உங்களிடம் இருப்பது வேறு மாடலாக இருந்தாலும் முறை இதேதான். எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

படி 1: சென்சார் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மெகாபிக்சலை முதலில் மறந்துவிடுங்கள். கடைக்காரர் முதலில் சொல்வது அதுதான், நாம் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதுதான். பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின், பரப்பு. எஸ்95-இன் சென்சார் சுமார் 7.4 × 5.6 மி.மீ. ஆர்6 மார்க் 2-இல் இருப்பது ஃபுல் ஃபிரேம் சென்சார், அதாவது 36 × 24 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ இருபது மடங்கு. ஒரே அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு; எஃப் எண் குறையக் குறைய திறப்பு பெரிது), ஒரே ஷட்டர் வேகம் வைத்தால் பெரிய சென்சார் மொத்தத்தில் இருபது மடங்கு வெளிச்சத்தைச் சேகரிக்கும். ஸ்டாப் கணக்கில் சொன்னால், நாலு ஸ்டாப்புக்குச் சற்று மேல். (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது.)

ஆனால் இரண்டு கேமராவிலும் அபெர்ச்சர் ஒன்றாக இருப்பதில்லையே. ஜூம் செய்யாமல் அகலக் கோணத்தில் வைத்தால் எஸ்95-இன் லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும். நம் மிரர்லெஸ் லென்ஸ் எஃப் 4-ஓடு நின்றுவிடும். அங்கே காம்பாக்ட் இரண்டு ஸ்டாப்பை மீட்டுக்கொள்கிறது. முழுக்க ஜூம் செய்தால் கதை தலைகீழ். எஸ்95 எஃப் 4.9-க்குச் சுருங்கிவிடும். அந்த நிலையில் அதன் லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் நாலரை மி.மீ.தான், ஒரு நல்லமிளகு அளவு. மிரர்லெஸில் அதே கோணம் தரும் 105 மி.மீ.யில் அது 26 மி.மீ., பத்து ரூபாய் நாணயம் அளவு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இனி நீங்கள் எடுக்கப்போகும் படங்களில் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும்.

படி 2: ஆயத்தம்

பழைய கேமராவின் பேட்டரியை முந்தின இரவே சார்ஜ் செய்யுங்கள். வருடக்கணக்கில் கிடந்த பேட்டரி ‘நிறைந்துவிட்டது’ என்று காட்டிவிட்டு, சில படங்களிலேயே கண்ணை மூடும். உப்பிப் போயிருந்தால் பயன்படுத்த வேண்டாம், புதிது வாங்குங்கள். மெமரி கார்டிலும் ஒரு சிக்கல் உண்டு: 2009-க்கு முந்தைய காம்பாக்ட்கள் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. இன்னும் பழையவை 2 ஜி.பி.யோடு நின்றுவிடும்.

இரண்டு கேமராவிலும் தேதி, நேரத்தை ஒன்றாக வையுங்கள். பிறகு கணினியில் எது எதற்கு ஜோடி என்று தேட இது உதவும். இரண்டிலும் ரா கோப்பாகவும் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஜேபெக்காகவும் சேமிக்கச் சொல்லுங்கள். எஸ்95 ரா எடுக்கும். எல்லாக் காம்பாக்டும் எடுக்காது.

காட்சியின் அகலத்தைச் சமமாக்குவதும் முக்கியம். எஸ்95 தொடங்குவது 28 மி.மீ.க்கு நிகரான கோணத்தில். ஆகவே மிரர்லெஸ் லென்ஸையும் 28-இல் வையுங்கள், 24-இல் அல்ல. காம்பாக்ட் படம் 4:3, மிரர்லெஸ் படம் 3:2. மேலும் கீழும் சற்று இடம் விட்டு எடுத்தால் பிறகு வெட்டிச் சமமாக்கலாம்.

படி 3: வெயிலில் முட்டம்

காலை பத்து மணிக்கு முட்டம் பாறைகளுக்குப் போங்கள். நல்ல வெயில், வெண்ணுரை, கருத்த பாறை, தூரத்தில் வள்ளங்கள்.

காம்பாக்டை ஏவி (Av, அபெர்ச்சரை நாமே வைக்கும்) நிலையில் எஃப் 4, ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 80. மிரர்லெஸை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100. ஏன் வேறு வேறு எண்? சின்ன சென்சாரில் அபெர்ச்சரை மிகவும் சுருக்கினால் டிஃப்ராக்‌ஷன் என்ற விளைவால் படம் மழுங்கும். எஸ்95-இல் எஃப் 8 வைத்தால் பாறையின் வரிகள் சோப்பு போட்டுக் கழுவியதுபோல் ஆகிவிடும். எஃப் 4-இலேயே பக்கத்துப் பாறையும் தொடுவானமும் ஒருசேரத் தெளிவாக விழும். ஃபுல் ஃபிரேமில் அந்த ஆழம் வேண்டுமானால் எஃப் 18 அளவுக்குப் போக வேண்டியிருக்கும்.

அதற்காகக் காம்பாக்டை எஃப் 2-இலும் வைக்காதீர்கள். எஸ்95-இன் ஷட்டர் 1/1600-க்கு மேல் வேகம் போகாது; கடற்கரை வெயிலில் எஃப் 2 என்றால் வெளிச்சம் அளவுக்கு மிஞ்சி, நுரை முழுவதும் வெறும் வெள்ளையாகிவிடும்.

இந்தப் படங்களைக் கைப்பேசியில் ஒருவரிடம் காட்டி எது எதில் எடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லத் தெரியாது. இதை நான் காம்பாக்டின் பெருமையாகச் சொல்கிறேன்.

படி 4: கன்னியாகுமரி சூரிய உதயம்

இங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. விடியும் முன்பே கரைக்குப் போய்விடுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே நகர்ந்து உதிக்கும். கரையில் இடம் மாறி நின்றால் 133 அடி வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலமும் இப்போது சட்டகத்துக்குள் வரும். சிலையையும் விவேகானந்தர் பாறையையும் அது இணைத்துவிட்டதால், முன்போல் சிலையைத் தனியாக நிறுத்துவது சற்றுக் கடினம். எனக்கு அந்த இடைவெளி பிடித்திருந்தது; அது வேறு கதை.

முதலில் காம்பாக்டின் திரையைப் பாருங்கள். சூரியன் சட்டகத்துக்குள் வந்ததும் மேலிருந்து கீழாக ஊதா கலந்த வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். கேமரா கெட்டுப்போகவில்லை. பழைய சிசிடி சென்சார்களின் குணம் அது. பேரொளி விழுந்த நெடுவரிசையில் மின்னூட்டம் வழிந்து கோடாகத் தெரிகிறது. வீடியோவிலும் பதிவாகும். புகைப்படத்தில் வராது, ஏனென்றால் அப்போது ஷட்டர் மூடிக்கொள்கிறது. மிரர்லெஸில் இருப்பது சிமாஸ் சென்சார் என்பதால் இந்தக் கோடு வருவதில்லை.

அடுத்து இரண்டு கேமராவிலும் வெளிச்ச ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் ஒன்றில் வைத்து, சூரியனைச் சுற்றியுள்ள ஆரஞ்சு நிறம் வெளுக்காதபடி எடுங்கள். சிலையும் பாறையும் கறுத்துத்தான் இருக்கும், இருக்கட்டும். வீட்டுக்கு வந்து இரண்டு ரா கோப்புகளையும் கணினியில் திறங்கள். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். நிழல் பகுதியை மட்டும் மெதுவாக மேலே ஏற்றுங்கள். மிரர்லெஸ் கோப்பில் சிலையின் பீடத்துக் கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். காம்பாக்டில் கொஞ்ச தூரம் ஒத்துழைக்கும்; அதன்பின் நிழலுக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் பூக்கும், கடலின் கருநீலம் சேற்று நிறமாகும். மணிக்கணக்காக விளக்கிப் புரியாத ‘டைனமிக் ரேஞ்ச்’ (பேரொளியையும் நிழலையும் ஒரே படத்தில் பதியும் திறன்) இந்த ஒரு நகர்வில் புரிந்துவிடும்.

இதே இடத்தில் காம்பாக்ட் பழிவாங்கும் வாய்ப்பும் உண்டு. அக்காவையோ அத்தையையோ, சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் வரும்படி நிறுத்தி எடுங்கள். எஸ்95-இல் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது. எழுப்பினால் முகம் வெளிச்சமாகும். ஆர்6 மார்க் 2-இல் உள்ளமைந்த ஃபிளாஷ் கிடையாது. தனியாக வாங்கி, தனியாகச் சுமக்க வேண்டும்.

படி 5: பத்மநாபபுரம் அரண்மனை

தக்கலைக்குப் பக்கத்தில். திங்கட்கிழமை விடுமுறை, கேமராவுக்குத் தனிக் கட்டணம், உள்ளே என்ன அனுமதி என்பதை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாண்ட், ஃபிளாஷ் இல்லாமல் கையில் பிடித்தே எடுப்போம். மரச் சிற்பங்களும் மந்திரசாலையின் கருத்த பளபளப்பான தரையும் வெளிச்சத்தை விழுங்கும்.

காம்பாக்ட்: அகலக் கோணம், எஃப் 2, 1/15 நொடி, ஐ.எஸ்.ஓ. 400. மிரர்லெஸ்: 28 மி.மீ., எஃப் 4, 1/15 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600. வெளிச்ச அளவு இரண்டிலும் ஒன்றே. மிரர்லெஸ் படம் சுத்தமாக இருக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வித்தியாசம் இருக்காது. அந்த எஃப் 2 செய்யும் உபகாரம் இது. அசையாத பொருள், அகலக் கோணம் என்றால் பழைய நல்ல காம்பாக்ட் இன்னும் தாக்குப்பிடிக்கும்.

படி 6: தோவாளை பூச்சந்தை

அதிகாலையில் போங்கள். பிச்சியும் மல்லியும் சாக்கில் வந்து இறங்கும் நேரம், பல்ப் வெளிச்சம், அவசரம். முதலில் அனுமதி கேட்டுவிட்டு, பூக் கட்டுபவரின் கைகளை எடுங்கள். தோவாளை மாணிக்கமாலை கட்டுபவர் கிடைத்தால் இன்னும் நல்லது: அரளியை மடித்து, நொச்சி இலையை இடையே வைத்து, பாய் முடைவதுபோல் வரிசை வரிசையாகச் சேர்ப்பார்கள். விரல்கள் நிற்கவே நிற்காது.

விரலை உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும். டிவி (Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும்) நிலையில் அதை வைத்து, இரண்டையும் 105 மி.மீ. வரை ஜூம் செய்யுங்கள். காம்பாக்ட் எஃப் 4.9-இல் திணறி ஐ.எஸ்.ஓ. 3200-க்குப் போகும் என்றால், அதுதான் அதன் உச்சவரம்பு. மிரர்லெஸ் எஃப் 4-இல் அதே வெளிச்சத்தைச் சுமார் ஐ.எஸ்.ஓ. 2000-இல் முடித்துவிடும், அதற்கு அது சாதாரண நடைபோடும் இடம். பெரிதாக்கிப் பாருங்கள். மிரர்லெஸில் விரல் நகத்தோரம் ஒட்டிய மகரந்தமும் வாழைநாரின் பிசிறும் தெரியும். காம்பாக்டில் பூ ஒரு வெள்ளைக் கூழ்.

பின்னணியையும் கவனியுங்கள். மிரர்லெஸில் பின்னால் நிற்கும் கூட்டம் கரைந்து கைகள் மட்டும் தனித்து நிற்கும். காம்பாக்டில் பின்னால் தொங்கும் பிளாஸ்டிக் பை வரை எல்லாம் பேசும். சந்தையைக் காட்ட வேண்டும் என்றால் பின்னதுதான் எனக்குப் பிடிக்கும். அதோடு எஸ்95 அகலக் கோணத்தில் 5 செ.மீ. வரை பக்கத்தில் போய் ஃபோகஸ் செய்யும். நம் பெரிய லென்ஸ் 45 செ.மீ. தள்ளி நிற்கச் சொல்லும். பூக்கூடைக்குள் மூக்கை நுழைத்து எடுக்க வேண்டுமானால் சின்ன கேமராவே தோது.

படி 7: ஓடும் பிள்ளை

மாலை சங்குத்துறை கடற்கரை. வீட்டுப் பிள்ளை ஒன்றை உங்களை நோக்கி ஓடி வரச் சொல்லுங்கள். மிரர்லெஸில் கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், தொடர் படப்பிடிப்பு. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 12 படம் வரை எடுக்கும், பெரும்பாலானவற்றில் கண் தெளிவாக இருக்கும். காம்பாக்ட் ஃபோகஸ் பிடித்து முடிப்பதற்குள் பிள்ளை உங்களைத் தாண்டிப் போயிருக்கும். வழி ஒன்று உண்டு: பிள்ளை வந்து சேரும் இடத்தில் மணலைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, வந்ததும் முழுதாக அழுத்துங்கள். ஒரு படம் கிடைக்கும்.

கல்யாணப் போட்டோகிராபர் பணம் கொடுப்பது இதற்குத்தான். தாலி கட்டும் நொடியை மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது. தெளிவும் நிறமும் அதற்கு அடுத்தபடிதான்.

‘அப்படியானால் தேரூர் குளத்துப் பறவைகளையும் எடுத்துவிடலாமே’ என்று கிளம்பிவிடாதீர்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பிறகு அங்கே கேமராவோடு போகும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. 105 மி.மீ.யில் நாரை ஒரு வெள்ளைப் புள்ளி. 400 மி.மீ.யாவது வேண்டும், அதாவது இன்னொரு லென்ஸ், இன்னொரு பெருந்தொகை.

படி 8: படங்களை எப்படிப் பார்ப்பது

24 மெகாபிக்சல் படத்தையும் 10 மெகாபிக்சல் படத்தையும் தனித்தனியாக நூறு சதவீதம் பெரிதாக்கி ஒப்பிடுவது தவறு. இரண்டும் வேறு வேறு உருப்பெருக்கம். பெரிய படத்தை 3648 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டு, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதைவிட நல்ல வழி, ஒரு ஜோடியை 12 × 8 அங்குலத்தில் பிரிண்ட் போடுவது. 3648 பிக்சலை 12 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குச் சற்று மேல் வருகிறது, லேப்காரர்கள் கேட்பது அவ்வளவுதான். முட்டம் படத்தையும் தோவாளை படத்தையும் இப்படிப் போட்டு மேசையில் வையுங்கள். முதல் ஜோடியில் தயங்குவீர்கள், இரண்டாவதில் தயங்க மாட்டீர்கள்.

உங்கள் படங்களில் பெரும்பகுதி முட்டம் மாதிரியா, தோவாளை மாதிரியா என்று பாருங்கள். முதல் வகை என்றால் காம்பாக்டை விற்காதீர்கள். மிரர்லெஸுக்கான பணத்தை ஊர் சுற்றச் செலவிடுங்கள். இரண்டாவது வகை, அதிலும் காசு வாங்கிக்கொண்டு எடுப்பதாக இருந்தால், வேறு வழியில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும்.

படி 9: உப்பைத் துடையுங்கள்

கடற்கரையிலிருந்து வந்ததும் முதல் வேலை இது. மென்துணியைச் சற்று நனைத்துப் பிழிந்து இரண்டு கேமராவின் உடலையும் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணியால். லென்ஸ் கண்ணாடியில் முதலில் ஊதி மணலை விலக்கிவிட்டுத்தான் துணி படவேண்டும். காம்பாக்டில் லென்ஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் இடுக்கில் மணல் போய்விடும், உள்ளே போன தூசியை வீட்டில் எடுக்க முடியாது. ஆகவே காற்று வீசும்போது அதை நீட்டி வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். மிரர்லெஸில் லென்ஸைக் கடற்கரையில் கழற்றவே வேண்டாம். இரண்டு மழைக்காலமும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. தோல் பையிலோ பீரோவிலோ மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள்.