வீட்டை அழகாக்கும் ஆசை விட்டுப்போச்சா?

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் ஈரத்தில் சுவர் உப்பு பூத்து, பெயின்ட் உரிந்து தொங்கும். அதைப் பார்த்தே வீட்டை அழகாக்கும் ஆசை போய்விடும். மொத்த வீட்டையும் யோசித்து மலைக்காதீர்கள். செருப்பைக் கழற்றும்போது கண்ணில் படும் மூலை ஒன்று போதும். அங்கே கிடக்கும் பழைய காலண்டர், கரன்ட் பில், உடைந்த குடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சில நாள் காலியாகவே விடுங்கள். வெறும் இடத்தைப் பார்த்தால் கை தானாகப் பரபரக்கும். அப்புறம் துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போய், அந்த மூலையை அழகாக்கத் துணி எடுக்கலாம் (தீபாவளி நெருக்கத்தில் வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது).

உப்பு பூத்த சுவரில் மட்டும் அவசரப்பட்டு பெயின்ட் அடிக்காதீர்கள். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்ததும், உலர்ந்த பிரஷால் உப்பைத் தேய்த்து உதிர்த்துவிட்டு பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்கே மறுபடி உரிந்துவிடும்.