பழைய பிரிக்ஸ் இன்ஜினின் வயதைக் கண்டுபிடிக்க

கரடுமுரடான பாதையில் ஓடும் பழைய சுமை வண்டியில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் இருக்கிறதா? ஸ்டிக்கர் போயிருந்தாலும் பரவாயில்லை. விசிறி மூடியில் மாடல், டைப், கோடு (Code) என மூன்று எண்கள் குத்தியிருக்கும். பிசுக்கைத் துடைத்தால் தெரியும். கோடு 92051403 என்றால் 1992 மே 14-இல் தயாரானது. மாடல் எண்ணின் முதல் ஓரிரு இலக்கங்கள் இன்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில்; 16.4-ஆல் பெருக்கினால் தோராயமாக எத்தனை சிசி என்று கிடைக்கும். யாராவது மூடியை மாற்றியிருந்தால் எண் பொய் சொல்லும், அதையும் பாருங்கள்.

அப்புறம், வேகத்துக்காக கவர்னரை, அதாவது இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பை, கழற்றவே கழற்றாதீர்கள். நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டி விரட்டினால் கனெக்டிங் ராடு முறியலாம், ஃப்ளைவீல் வெடித்துச் சிதறலாம். இழுவைதான் குறை என்றால், செயின் வண்டியில் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களைக் கூட்டுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், மேடு ஏறிவிடும்.