மருத்துவ விரிவுரையாளர்களே, செய்த வேலையை எழுதி வையுங்கள்

கோலாலம்பூரில் மருத்துவ விரிவுரையாளராகச் சேர்ந்த தம்பி தங்கைகள் பதவி உயர்வுக்கு என்ன வழி என்று கேட்டால் நான் முதலில் சொல்வது, இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கட்டுரை எழுத ஒதுக்கி வைத்திருந்த ஒரு மத்தியானம், வார்டிலிருந்து தாதி கூப்பிட்டார்: "டாக்டர், தோலோங் செகெஜாப்." கொஞ்சம் உதவுங்கள் என்று மலாயில் அர்த்தம். தோட்டத்திலிருந்து வந்த பாட்டி, அவருக்கு மலாய் அவ்வளவாக வராது. இன்சுலின் பேனா ஊசியின் திருகை எந்த அளவுக்குத் திருப்ப வேண்டும் என்று அவருக்கும் மருமகளுக்கும் காட்டிப் புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதில் எனக்கு மனநிறைவுதான், நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன். ஆனால் இந்த அழைப்பு, இந்திய மாணவர்களுக்கு ஆலோசனை, தீபாவளி ஏற்பாட்டுக் குழு என்று வருடக்கணக்கில் செய்த எதற்கும் பதவி உயர்வுப் படிவத்தில் கட்டமே இல்லை.

சிறுபான்மை இன ஆசிரியர்கள் தலையில் கூடுதலாக விழும் இப்படிப்பட்ட வேலைக்கு அமடோ பாடியா என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1994இல் 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்தார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் 1980களில் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வில், 1997க்குள் வெள்ளையரில் 46 சதவீதம் பேர் பதவி உயர்வு பெற்றிருந்தார்கள், ஆசியரில் 37, கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மைப் பிரிவில் 30தான். ஆராய்ச்சி நிதி பெற்றதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும் இடைவெளி மறையவில்லை. அங்குள்ள எண்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது, ஆனால் கணக்கில் வராத வேலை ஒருவருடைய நேரத்தைத் தின்பது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

சரி, நோட்டில் என்ன எழுதுவது? தேதி, யார் கூப்பிட்டார், எத்தனை மணி நேரம், என்ன முடிந்தது. நான்கே விஷயம், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே எழுதிவிடலாம். குழுவில் சேர்த்தால் முதல் வாரத்திலேயே நியமனக் கடிதம் கேளுங்கள், ஏனென்றால் கடிதம் இல்லாத வேலையைப் பிறகு நிரூபிக்கவே முடியாது. கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. மூன்றாவது குழுவுக்கும் உங்களையே கூப்பிட்டால், "செய்கிறேன் புரோஃப், இதற்குப் பதிலாக எந்த வேலையை எடுத்துவிடலாம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று, அந்த வேலையையே ஆராய்ச்சியாக்குங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. தமிழில் விளக்கினால் நோயாளி ஊசியைச் சரியாகப் போடுகிறாரா என்பதை நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி ஆராய்ந்தால், நோட்டில் இருந்தது கட்டுரையாகிவிடும். ஆனால் அந்த ஆய்வுக்கான நிதி விண்ணப்பத்தை, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அமெரிக்காவில் கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி குறைவாகக் கிடைத்ததற்கு, அவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்த சமூகநலத் தலைப்புகளும் ஒரு காரணம் என்று 2019இல் கண்டறிந்தார்கள். தலைப்பை விட்டுவிடாதீர்கள், அது ஏன் எல்லாருக்கும் முக்கியம் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

சேர்ந்த முதல் வருடத்திலேயே பதவி உயர்வு விதிகளை வாங்கிப் படியுங்கள், அண்மையில் இணைப் பேராசிரியரானவரின் விண்ணப்பத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தேர்வுக் குழு கூடும் அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அங்கே உங்களுக்காகப் பேசக்கூடிய மூத்தவர் ஒருவருக்கு, அவர் எந்த இனமானாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டைக் காட்டுங்கள்.