ஒரே வயிற்றுப் பிள்ளைகளை வைத்துக் குற்றக்கதை எழுதுவது எப்படி

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருவதில் பாகப்பிரிவினையும், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரமும்தான் அதிகம். ராத்திரியில் குற்றக்கதை எழுதுகிறேன். என் கதைகளில் கொல்கிறவனும் சாகிறவனும் பெரும்பாலும் கூடப் பிறந்தவர்களாகவே வந்து நிற்கிறார்கள். அந்த மாதிரி கதையை எழுத நினைக்கிறவர்களுக்காக, நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

கொலையை முதலில் யோசிக்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்து அண்ணனுக்கு ஒரு பக்கம், தம்பிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவனும் மற்றவனுக்காக என்ன செய்தோம் என்று நினைக்கிறானோ அதை அவன் வாயால் எழுதுங்கள். அண்ணன் எழுதுவான்: பத்தாவதோடு நின்று லாரி பட்டறைக்குப் போனேன், அவன் பாலிடெக்னிக் முடித்தான். தம்பி எழுதுவான்: அப்பா கட்டையைத் தூக்கியபோது அண்ணனுக்குக் குறுக்கே நின்றேன், அன்றிலிருந்து இடது காது கேட்பதில்லை. இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். தம்பியின் காது அண்ணன் பக்கத்தில் எங்குமே இருக்காது. அண்ணனுக்கு அது மறந்தே போயிருக்கும். உங்கள் கதை அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது. நான் அதைக் கண்டுபிடிக்காமல் எந்தக் கதையையும் தொடங்குவதில்லை.

பாசத்தை ஒருவனுக்கும் பொறாமையை இன்னொருவனுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும். இதற்குக் கம்பராமாயணத்தில் கும்பகருணன் இருக்கும் பகுதியை மெதுவாகப் படியுங்கள். சீதையைச் சிறை வைத்தது தவறு என்று அண்ணனிடமே சொல்கிறான். ஆனாலும் போருக்குப் போகிறான். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைக்கும்போது, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அழைத்த தம்பியையும் அவன் வெறுப்பதில்லை, ராமனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். மூன்று பேர், மூன்று வழி, ஒருவரையும் நம்மால் சுலபமாகத் தள்ள முடியவில்லை. எனக்கு எழுத்துப் பாடம் அதுதான்.

அடுத்து, பிரிக்க முடியாத பொருள் ஒன்று வேண்டும். நான் எப்போதும் கிணற்றிடம் போகிறேன். நிலத்தை ஏ செட்யூல், பி செட்யூல் என்று எழுதிப் பிரித்துவிடலாம். கிணற்றை அப்படிப் பிரிக்க முடியாது. ஆளுக்குப் பாதி பாத்தியம், நாள் முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுவோம். ஆனால் மோட்டாருக்கான மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கும். தம்பி முறை வரும் நாளில் அண்ணன் பியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவான். கரும்பு காயும். பெரிய துரோகத்தை யோசித்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, இந்த மாதிரி ஒரு சின்னக் காரியத்தை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். நாலாவது முறை அரிவாள் வந்தால் படிப்பவர் ஏன் என்று கேட்கமாட்டார்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள், ஏனென்றால் நல்ல திருப்பங்கள் அங்கேதான் கிடக்கின்றன. சொத்துக்காக அண்ணனைக் கொன்றான் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, கொலை செய்தவன் செத்தவனின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அது போக, உயில் எழுதாமல் செத்தவனுக்கு மனைவியோ பிள்ளையோ தாயோ உயிரோடு இருந்தால், ஒரு பாவமும் செய்யாத தம்பிக்குக்கூட எதுவும் வராது. ஆகவே உங்கள் தம்பி நிலத்துக்காக வெட்டவில்லை. வேறு எதற்காக வெட்டினான் என்று நோட்டைத் திரும்பப் பாருங்கள்.

இன்னொன்று என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. கொலை செய்த கணவனை மனைவி ஒளித்து வைத்தால் சட்டம் அவளைத் தண்டிக்காது. தெரிந்தே அண்ணனை ஒளித்து வைத்த தம்பிக்கு அந்த விலக்கு கிடையாது, ஐந்து வருடம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 212ஆம் பிரிவு, 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கதையென்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 249. ஒரே வீட்டில் அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து அவனுக்குச் சோறு கொண்டுபோகிறார்கள். பிடிபட்டால் கொழுந்தன் மட்டும் உள்ளே போவான். இதைத் தெரிந்த அண்ணி என்ன செய்வாள்? அதற்குள்ளேயே ஒரு நாவல் இருக்கிறது.

தம்பி அப்ரூவர் ஆகிறான், அதாவது மன்னிப்புப் பெற்றுக்கொண்டு கூட்டாளிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறான் என்று எழுதினால், சாட்சி சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டதாக எழுதாதீர்கள். ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால் வழக்கு முடியும்வரை அவனும் காவலில்தான் இருக்க வேண்டும். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன், அண்ணன் வழக்கு முடியும்வரை கம்பிக்குள் நாளை எண்ணுகிறான்.

சரி, பேச்சு. கூடப் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொள்வதில்லை. நான் எழுதியதில் எனக்குப் பிடித்த பகுதி இது:

“வண்டிய கழுவிட்டேண்ணா.”

“எப்போ?”

“விடியக்காலைல.”

“அம்மா பாத்துச்சா?”

“டீ போட்டுக் குடுத்துச்சு.”

முதல் பிரதியில் இது ஒன்றரைப் பக்கம் இருந்தது. ரத்தம், அழுகை, சத்தியம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அக்கா தங்கைகளை விட்டுவிடாதீர்கள். 1989லேயே தமிழ்நாட்டுச் சட்டமும், 2005ல் மத்தியச் சட்டமும் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தன. அதனால்தான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவர்களைக் கூட்டி வருகிறார்கள். வெள்ளை வேட்டியில் நாலு அண்ணன் தம்பிகள் சுற்றி நிற்க, ஒரு பெண் பெருவிரலை வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவளைத் துப்பறிகிறவளாக்குங்கள். எந்த அண்ணன் பொய் சொல்கிறான் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும்.

முடிவை நீதிமன்றத்தில் வைக்க வேண்டாம். நான் கிணற்றடிக்கே திரும்புவேன். ஒருவன் செத்துவிட்டான், ஒருவன் சிறையில் இருக்கிறான். வியாழக்கிழமை தம்பி முறை. பியூஸ் எங்கே இருக்கிறது என்று அம்மா வீடெல்லாம் தேடுகிறாள், அண்ணன் வேட்டி மடிப்பில் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்கு நடக்கிறாள்.