பட்டனை அவரே போடட்டும்: பராமரிப்பு இல்லங்களில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு வேலை பழக்குவதுதான் இப்போது என் வேலை. போன வாரம் காலை ஷிஃப்டில் ஒரு புதுப் பெண்ணைக் கவனித்தேன். சுறுசுறுப்பானவர், நல்ல மனசு. ஒன்றரை மணி நேரத்தில் நான்கு பேரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாட்டு அறையில் உட்கார வைத்துவிட்டார். அந்த நான்கு பேருக்கும் அன்று காலை தாங்களாகச் செய்ய ஒரு வேலைகூட மிஞ்சவில்லை. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் வேலை செய்தேன். அதற்குப் பாராட்டும் கிடைத்தது. அந்தப் பாராட்டு இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

மருந்தை மாற்றிக் கொடுப்பது, வீல்சேர் பிரேக்கைப் போட மறப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தலைக்கு மேல் பேசுவது

இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவரைக் குளிப்பாட்டும்போது நீங்கள் இருவரும் உங்களுக்குள் பேசிக்கொள்ளாதீர்கள். நடுவில் இருப்பவரிடம் பேசுங்கள்.

அவரால் முடிந்ததை நாம் செய்துவிடுவது

இன்றுவரை எனக்குக் கோபம் வருவது இந்தத் தவறைப் பார்க்கும்போதுதான். பார்ப்பவர்களுக்கு இது அன்பாகத் தெரியும். அதனால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் இருந்தார். பக்கவாதத்தில் இடது கை பலவீனமாகிவிட்டது. சட்டைப் பட்டனை வலது கையால் மட்டுமே போடுவார். கட்டைவிரலால் பட்டனைத் தள்ளுவார், ஆள்காட்டி விரலால் துளையின் ஓரத்தை இழுத்துப் பிடிப்பார். பட்டன் பாதி நுழைந்ததும் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, அப்புறம் மீதியை இழுப்பார். ஐந்து பட்டனுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். எனக்கோ இன்னும் நான்கு அறை பாக்கி. "விடுங்க ஐயா, நான் போட்டு விடுறேன்" என்று ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிட்டேன்.

முதல் நாள் என் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது வாரம் எதுவும் சொல்லவில்லை. ஒன்றரை மாதத்தில், நான் சட்டையை மாட்டியதுமே கைகளைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்காரப் பழகிவிட்டார். பார்க்க வந்த அவர் மகள், "அப்பா தானே போட்டுக்குவாரே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். "வயசாகுதில்லம்மா" என்றேன். அது பொய். கேட்ட அவருக்குத் தெரியாது, சொன்ன எனக்குத் தெரியும்.

பட்டனோடு அது நிற்கவில்லை. அடுத்து பல் துலக்குவது போனது, அப்புறம் ஸ்பூன் பிடிப்பது. வயதான உடம்பு, பயன்படுத்தாத திறனை வெகு சீக்கிரம் இழந்துவிடும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நோயில்லாதவர்களுக்கே அப்படி.

பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட், மறதிநோய் உள்ளவர்களைச் சுற்றி இருப்பவர்கள் கெட்ட எண்ணமே இல்லாமல் அவர்களை எப்படியெல்லாம் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று 1997இல் 17 வகைகளாகப் பிரித்துச் சொன்னார். இருக்கும் திறனைப் பயன்படுத்த விடாமல் செய்வது அதில் ஒன்று. அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பேசுவதும் வேலை செய்வதும் இன்னொன்று. அந்தப் பெரியவருக்கு மறதிநோய் இல்லை. ஆனாலும் இந்த இரண்டையும் தினமும் காலையில் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், பலருக்குக் கேட்டது புரியவே அவ்வளவு நேரம் பிடிக்கும். நடக்கவில்லையா, செய்து காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் அவர் கையைப் பிடித்துத் தொடங்கிவைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். நாமே செய்வது கடைசியில்தான். சட்டையில் நான்கு பட்டனை நீங்கள் போட்டு, கடைசி ஒன்றை அவருக்கு விட்டாலும் போதும். வேலையை முடிப்பவர் அவராக இருப்பார். துணிகளை அணியும் வரிசையிலேயே எடுத்து வையுங்கள். ஒரு பக்கம் பலவீனமானவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ தோள்களை வலிக்க வைத்திருக்கிறோம்.

நேரமில்லை என்பீர்கள். உண்மைதான், ஆள் பற்றாக்குறை எல்லா இடத்திலும் இருக்கிறது. அதனால் ஒருவருக்கு ஒரு வேலை என்று தேர்ந்தெடுங்கள். ஒருவருக்குப் பட்டன், இன்னொருவருக்கு முகம் துடைப்பது. அதைப் பராமரிப்புத் திட்டத்தில் தெளிவாக எழுதுங்கள். "உடை அணிய உதவி தேவை" என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் எல்லாவற்றையும் செய்துவிடுவார். "மேல் பட்டன் மட்டும் நாம், மீதி அவர்" என்று எழுதுங்கள். "இன்னைக்கு முடியல, நீயே போட்டுடு" என்று அவரே சொல்கிற நாளும் வரும். அன்று தயங்காமல் போட்டுவிடுங்கள்.

நின்றுகொண்டு ஊட்டுவது

உட்கார்ந்து ஊட்டுங்கள். நீங்கள் நின்றால் அவர் தலையை அண்ணாந்து விழுங்க வேண்டியிருக்கும். அப்படி விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

"அம்மா எங்கே?" என்பவரைத் திருத்துவது

மறதிநோய் உள்ள எண்பது வயதுக்காரர் சாயங்காலமானால் அம்மாவைத் தேடுவார். "உங்க அம்மா செத்து எத்தனையோ வருஷமாச்சே" என்றால், அந்தச் சாவுச் செய்தியை அவர் அந்த நிமிடம்தான் முதன்முதலாகக் கேட்கிறார். நாளைக்கும் அதையே சொன்னால் நாளைக்கும் முதன்முதலாகத்தான் கேட்பார். "இதோ வந்துடுவாங்க" என்பதும் வேண்டாம். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அம்மா ஞாபகமா இருக்கா? அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்களேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். குளிர்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா, எங்காவது வலிக்கிறதா என்றும் பாருங்கள். அம்மாவைத் தேடும் நேரம் பெரும்பாலும் உடம்புக்கோ மனசுக்கோ ஏதோ தேவைப்படும் நேரம்.

தொல்லை தராதவரை மறந்துவிடுவது

சத்தம் போடுபவரிடம் எல்லோரும் ஓடுகிறோம். எப்போதும் பேசுபவர் இரண்டு நாளாக அமைதியாகி, தூங்கித் தூங்கி விழுந்தால் "இன்னைக்குத் தொந்தரவே இல்ல" என்று நிம்மதி அடையாதீர்கள். தொற்று, தண்ணீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள்.

கதவு

தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

ரெஜிஸ்டரில் எழுதும் சொற்கள்

"முரண்டு பிடித்தார்", "ஒத்துழைக்கவில்லை" என்று ஒருமுறை எழுதினால் அது அவரை விட்டுப் போகாது. அடுத்து வருபவர் அறைக்குள் நுழையும்போதே குரலைக் கடுமையாக்கிக்கொண்டு நுழைவார். நடந்ததை எழுதுங்கள்: "காலை 7 மணிக்குக் குளிக்க மறுத்தார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. சூடாக்கிவிட்டு 7.30க்குக் கேட்டதும் வந்தார். துண்டை அவரே எடுத்துக்கொண்டார்."